துரையோட லாச்சியில் கிடந்த குட்டைத் துவக்கு

போன ஏப்ரல் லீவுக்கு கொழும்பிலிருந்து சித்தப்பா குடும்பம் ஸ்பிரிங்வெளிக்கு வந்திருந்தது. சித்தப்பாவின் மகனுக்குப் பதினாலு வயசு. வந்து அரை மணித்தியாலத்தில் எங்க வீட்டில் சிக்னல் எங்கே நல்லா கிடைக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டான். இஸ்தோப்பில் தண்ணிப் பீப்பாய்க்குப் பக்கத்து மூலை. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்புறதில்லை. அங்கேயே குந்திக்கொண்டு போனில் யாரையாவது சுட்டுக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, இத பாருங்களேன். மெக்னம் ரிவோல்வர். குழல் எவ்வளவு குட்டை பாத்தீங்களா? குட்டையா இருக்கிறதாலதான் பவர் கூட. கிட்ட வச்சி ஒரே ஒரு சூடு, ஆள் காலி."

"அப்படி இல்லடா. குழல் நீளமா இருந்தாத்தான் வேகம் கூடும்" என்றேன். ஏ.எல். பௌதிகவியல் படித்த திமிர்.

"அப்ப ஏன் குட்டையா செய்றாங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்போதுதான் உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது. தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம்.

"குட்டைத் துவக்கா? அத நான் கையில தூக்கியிருக்கேன்டா, இவன் வயசுல."

தம்பி முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்தான்.

*

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துவக்குப் பைத்தியம் இல்லை. நான் ஒன்றைத் தொட்டதும் இல்லை, தொடும் ஆசையும் இல்லை. எங்க பக்கத்தில் துவக்கு என்றால் இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று, ராத்திரியில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பன்றிக்கு வெடி வைக்கும் சத்தம். மற்றது கட்டுத்துவக்கு. விறகுக்குப் போகும்போது "பாதைய விட்டு எறங்காதே" என்று அம்மா சொல்வதற்குக் காரணம் அதுதான். பன்றிக்குக் கட்டியது பன்றியைத்தான் தேடும் என்று நிச்சயம் இல்லை. ரிவோல்வர் எல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி.

ஆனால் தம்பியின் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு பொருளை அதன் வேலைக்கு ஆகாத மாதிரி வேண்டுமென்றே குட்டையாக வெட்டுகிறார்கள் என்றால், அதன் உண்மையான வேலை வேறு என்னவோ இருக்க வேண்டும். பிறகு ஒரு மாதம் இதைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். வாசித்ததையும் தாத்தா சொன்னதையும் சேர்த்து வைத்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தாத்தா பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஐம்பதுகளின் நடுப்பகுதி, அவருக்குப் பன்னிரண்டு வயசு. பங்களாவில் எடுபிடி வேலை. சப்பாத்து துடைப்பது, விறகு அடுக்குவது, துரை கூப்பிட்டால் ஓடுவது. துரை வெள்ளைக்காரர். அந்தப் பங்களாவில் இரண்டு துவக்கு இருந்ததாம்.

ஒன்று நீளமானது. சாப்பாட்டு அறையில், மான் கொம்புக்குக் கீழே தொங்கியது. வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம். துரை அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாராம். எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது தாத்தாவைக் கூப்பிட்டுத் துணியைப் பிடிக்கச் சொல்வாராம்.

அந்தப் பெருமைக்கு ஊவாவில் பழைய வேர் இருக்கிறது. தேயிலை வருவதற்கு முன்னாலேயே பதுளையில் அதிகாரியாக இருந்தவர் மேஜர் தோமஸ் ரோஜர்ஸ். 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். எங்க ஊர்க் கிழவர்கள் "யானை சாபம்" என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்தக் காலத்து வேட்டைத் துவக்கு எல்லாம் ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும். நீளம் என்பது அங்கே ஒரு தேவை. தூரத்தில் நிற்கும் மிருகத்தை, பலத்தோடு, குறி தவறாமல் அடிக்க வேண்டும்.

இரண்டாவது துவக்கு ஒபிஸ் அறை மேசையின் லாச்சியில், செக்ரோல் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றித் துரை பேசியதே இல்லை.

"எப்படி இருந்திச்சு தாத்தா?"

"குண்டா, குட்டையா. இந்த நடுவிரல் இருக்கே, அதவிடக் கட்டை குழலு. ஓட்டை மட்டும் பெருசு. ஆறு ரவை இல்ல, அஞ்சுதான். துரை பங்களாவ விட்டு எறங்கினா அது கோட்டுப் பையில எறங்கும்."

அவர் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது 'பிரிட்டிஷ் புல்டோக்' வகையாகத்தான் இருக்க வேண்டும். பர்மிங்ஹாமில் வெப்ளி கம்பனி 1872இல் கொண்டுவந்தது. குழல் இரண்டரை அங்குலம், அதாவது ஆறு சென்ரிமீற்றரும் கொஞ்சமும். ஐந்து ரவை. கோட்டுப் பையில் போடுவதற்கென்றே செய்தது. சாம்ராஜ்யம் முழுக்கப் பரவியது, பெல்ஜியத்திலும் வேறு இடங்களிலும் கொப்பி அடித்தார்கள். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டவன் கையில் இருந்ததும் அந்த வகைதான். ரயில் நிலையத்தில் பின்னாலிருந்து, கிட்ட வந்து சுட்டான்.

புல்டோக் ஒரு மெக்னம் இல்லை. மெக்னம் என்ற பெயர் கைத்துப்பாக்கிக்கு வருவதற்கு அறுபது வருஷத்துக்கு முந்தியது. ஆனால் "குட்டையாகவும் வேணும், பலமாகவும் வேணும்" என்ற ஆசை அதிலேயே தொடங்கிவிட்டது. புல்டோக் கண்டுபிடித்த வழி இது: குழல் குட்டை, அதனால் வேகம் வராது, அப்படியென்றால் சன்னத்தைப் பெரிசாக்கு. மெதுவாகப் போகட்டும், ஆனால் பாரமாகப் போகட்டும்.

*

இப்போது தம்பிக்குச் சொன்ன பௌதிகவியலுக்கு வருவோம்.

சின்ன வயசில் பப்பாளி இலைத் தண்டை வெட்டி, உள்ளே சின்னக் காய் போட்டு ஊதி விளையாடியிருப்பீர்கள். கட்டைத் தண்டில் ஊதினால் காய் பக்கத்திலேயே விழும். நீளத் தண்டில் ஊதினால் அடுத்த லயத்துக் கூரையில் போய் விழும். ஊதுகிற மூச்சு ஒன்றுதான். ஆனால் காய் தண்டுக்குள் இருக்கும் வரைதான் மூச்சு அதைத் தள்ளும். வெளியே வந்த பிறகு நீங்கள் எவ்வளவு ஊதினாலும் அது காற்றுக்குத்தான்.

துவக்குக் குழலும் அதேதான். மருந்து எரிந்து வாயுவாகிச் சன்னத்தைத் தள்ளுகிறது. சன்னம் குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் தள்ளிய தள்ளுதான் கணக்கு.

மெக்னம் என்றால் லத்தீனில் 'பெரியது'. ஒன்றரை லீற்றர் வைன் போத்தலுக்கும் அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெசன் கம்பனி 1935இல் .357 மெக்னத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இருந்த .38 ஸ்பெஷல் ரவையைத்தான் எடுத்தார்கள். சன்னத்தின் விட்டம் கூட மாறவில்லை. கோதை மூன்று மில்லிமீற்றர் அளவு நீளமாக்கி, அழுத்தத்தைப் பெரிய அளவில் கூட்டினார்கள். அந்த மூன்று மில்லிமீற்றர் மருந்துக்கு இடம் வேணும் என்பதற்காக மட்டும் இல்லை. பலம் கூடிய ரவையை யாரும் தெரியாமல் பழைய .38 ரிவோல்வரில் போட்டுவிடக் கூடாது, போட்டால் துவக்கே வெடிக்கலாம் என்பதற்காகவும்தான்.

அந்த முதல் மெக்னத்தைக் கேட்ட நீளத்தில் செய்துகொடுத்தார்கள், 3½ அங்குலத்திலிருந்து 8¾ அங்குலம் வரை. வேட்டைக்காரர்கள் நீளத்தைக் கேட்டார்கள். ஜெனரல் பேட்டன் 3½ அங்குலத்தைக் கேட்டு வாங்கி, யானைத் தந்தப் பிடி போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரே ரவைக்கு இரண்டு விதமான ஆசை.

கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். எட்டு கிராம் எடையுள்ள .357 சன்னம் 4 அங்குலக் குழலிலிருந்து செக்கனுக்குச் சுமார் 440 மீற்றர் வேகத்தில் வெளியே வரும். அதே ரவையை 2 அங்குலக் குழலில் போட்டால் சுமார் 360 மீற்றர்தான். வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைகிறது. சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு போவதால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடுகிறது.

எங்கே போகிறது? சத்தமாகவும் வெளிச்சமாகவும் போகிறது. எரிந்து முடியாத மருந்தும் அடங்காத வாயுவும் குட்டைக் குழலின் வாயில் நெருப்புப் பந்தாக வெடிக்கிறது. ராத்திரியில் சுட்டால் சுடுகிறவருக்கே கண் இருட்டும். சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலிலேயே காதுக்குச் சேதம் தொடங்கிவிடும். இது போக, ரிவோல்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே தாள் மொத்தத்தில் ஓர் இடைவெளி உண்டு, அது இருந்தால்தான் சிலிண்டர் சுற்றும். அதன் வழியாகவும் கொஞ்சம் வாயு பக்கவாட்டில் பாயும். விரல் அங்கே இருந்தால் அவ்வளவுதான்.

தம்பி போனில் பார்த்த அந்தப் பெரிய நெருப்பு பலத்தின் அடையாளம் இல்லை. சன்னத்துக்குப் போகாமல் வீணாகப் போன பலம் அது.

*

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது தாத்தா சிரித்தார்.

"நீ கணக்குப் போட்டுச் சொல்ற. நான் கண்ணால பாத்தேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். துரையோடு குடிக்கப் பக்கத்துத் தோட்டத்துச் சின்ன துரை வந்திருந்தார். பேச்சு எப்படியோ துவக்குக்குப் போயிருக்கிறது. துரை லாச்சியிலிருந்து அதை எடுத்துவரச் சொன்னார். தாத்தாதான் தூக்கிக்கொண்டு போனார். "பாத்தா சின்னது, தூக்கினா கல்லு மாதிரி" என்றார். பங்களாத் தோட்டத்தில் ஒரு பிஸ்கட் டின்னைத் தூணில் வைத்து, துரை பதினைந்து அடி வைத்துத் தள்ளி நின்றார். கை நீட்டினார். சுட்டார்.

ஐந்து ரவையும் முடிந்தது. டின் அசையவில்லை.

"ஒரே பொக. எனக்குக் காதுல 'ங்ஙொய்'ன்னு ஒரு மணி நேரம். சின்ன தொர சிரிச்சாரு. தொர சிரிக்கல. அத எங்கிட்ட நீட்டி உள்ள கொண்டுபோய் வையின்னாரு. அவரு கை நடுங்கினத நான் பாத்தேன்."

துரை சூடு தெரியாதவர் இல்லை. சுவரில் தொங்கும் நீளத் துவக்கால் நூறு யார் தூரத்தில் பன்றியை விழுத்துவாராம். பிறகு ஏன்?

இதற்கும் குழல்தான் காரணம். குறி பார்ப்பது என்பது பின்னால் இருக்கும் வெட்டையும் முன்னால் நிற்கும் முளையையும் நேராக்குவது. இரண்டுக்கும் இடையில் தூரம் கூடினால் பிழை குறையும். முன் முளை ஒரே ஒரு மில்லிமீற்றர் விலகினது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைத்தூரம் 18 சென்ரிமீற்றர் உள்ள நீளமான ரிவோல்வரில், பத்து மீற்றருக்கு அப்பால் சன்னம் ஐந்தரை சென்ரிமீற்றர் விலகும். இடைத்தூரம் 10 சென்ரிமீற்றர்தான் என்றால் பத்து சென்ரிமீற்றர் விலகும். ஒரு பிஸ்கட் டின்னைத் தவறவிட அது போதும். குழல் குட்டையானதால் சன்னம் கோணலாகப் போவதில்லை. இறுக்கிப் பிடித்து வைத்துச் சுட்டால் குட்டை ரிவோல்வரும் நேராகத்தான் சுடும். பிழை கையில் வருகிறது. குட்டைத் துவக்கு அந்தப் பிழையை மன்னிப்பதில்லை.

விசையும் அப்படித்தான். பையிலிருந்து இழுக்கும்போது துணியில் மாட்டக் கூடாது என்று பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைப் பல குட்டை ரிவோல்வர்களில் மழித்துவிடுவார்கள், அல்லது உள்ளே மறைத்துவிடுவார்கள். மறைத்தால் அதைக் கையால் முன்கூட்டியே இழுத்து வைக்க முடியாது. ஒவ்வொரு சூட்டுக்கும் விரலே முழு வேலையையும் செய்ய வேண்டும். ஐந்து கிலோவுக்குக் கிட்ட இழுக்கிற இழுப்பில் குறி அசையாமல் இருக்குமா?

சுட்ட கோதுகளை வெளியே தள்ளும் கம்பி குழலுக்குக் கீழேதான் இருக்கும். குழல் குட்டையென்றால் கம்பியும் குட்டை. கோது பாதியில் நிற்கும், நகத்தால் நோண்டி எடுக்க வேண்டும். இப்படி ஒரு அங்குலத்தை வெட்டினால் ஏழு இடத்தில் கணக்கு இடிக்கிறது.

*

பாரத்தின் கதைதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பையில் போடுகிற சாமான் பாரமாக இருக்கக் கூடாது என்று, புதிய காலத்தில் ஸ்கேண்டியம் கலந்த அலுமினியத்திலும் தைத்தானியத்திலும் .357 ரிவோல்வர் செய்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெசனின் 340பிடி என்ற ஒன்று 350 கிராமுக்கும் குறைவு. கடையில் வாங்கும் 400 கிராம் தேயிலைப் பைக்கட்டை விட லேசு. ஐந்து மெக்னம் ரவை அதற்குள்.

ஆனால் நியூட்டன் பையைப் பார்த்து விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு கிலோவுக்கு மேல் பாரமுள்ள ரிவோல்வர் கையில் கொடுக்கும் உதையை விட, இந்த லேசானது இரண்டு மடங்குக்கு மேல் சக்தியோடு திருப்பி உதைக்கும். உதைக்கிற உதையில், இன்னும் சுடாமல் இருக்கும் ரவைகளின் சன்னங்கள் கோதிலிருந்து முன்னுக்கு நழுவி, சிலிண்டர் சுற்றாமல் இறுகிப்போகவும் கூடும். அதனால் மெக்னம் வாங்கினவர்களில் நிறையப் பேர் கடைசியில் அதில் பழைய .38 ஸ்பெஷலைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். .357இல் .38 போடலாம், மாற்றித்தான் போட முடியாது. மூன்று மில்லிமீற்றரைக் கூட்டி, குழலை வெட்டி, பாரத்தைக் குறைத்து, கடைசியில் தொடங்கின இடத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

வேறு பாதையும் உண்டு. 2014இல் இந்தியாவின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை, பெண்களுக்கென்று சொல்லி 'நிர்பீக்' என்ற ரிவோல்வரைக் கொண்டுவந்தது. 500 கிராம். ரவை .32, சின்னது, உதை குறைவு. குட்டைத் துவக்கில் பெரிய பலத்தை அடைக்காமல், சின்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். வடிவமைப்பாக அது புத்திசாலித்தனம். அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் இந்திய ரூபாய்க்கும் மேல் இருந்தது என்பது வேறு கதை. ராத்திரி பஸ்ஸில் போகிற பெண்ணிடம் அந்தக் காசு இருக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"கிட்ட வச்சி ஒரே சூடு, ஆள் காலி" என்று தம்பி சொன்னதற்கும் தாத்தாவிடம் பதில் இருந்தது. "எம்.ஜி.ஆர காலி பண்ண முடிஞ்சதாடா?" எங்க தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர் சாமி மாதிரி. நாவலப்பிட்டியில் பிறந்தவர், நம்ம ஆள். 1967 ஜனவரி 12ஆம் திகதி, ராமாவரம் தோட்டத்து வீட்டில், கிட்ட இருந்துதான் அவருக்குக் கழுத்தில் ரிவோல்வர் சூடு விழுந்தது. பிழைத்தார். குரல்தான் மாறிப்போனது. குற்றவாளி என்று தீர்ப்பான எம்.ஆர். ராதாவுக்கும் அன்றைக்குச் சூடு விழுந்தது, அவரும் பிழைத்தார். நிஜத் துவக்கு கேமில் வருகிற மாதிரி கணக்காக வேலை செய்வதில்லை. சில நேரம் ஒன்றுமே ஆகாது. சில நேரம் ஒரு குரல் போகும். சில நேரம் ஒரு வீடே போகும்.

*

அப்படியென்றால் ஏன் செய்கிறார்கள்? வேகம் போகுது, குறி போகுது, காது போகுது, கை வலிக்குது. இவ்வளவையும் கொடுத்து எதை வாங்குகிறார்கள்?

வாசித்ததில் மூன்று பதில் கிடைத்தது. மறைத்து வைக்கலாம். சட்டென்று எடுக்கலாம். கிட்ட நிற்கிறவன் குழலைப் பிடித்து முறுக்கிப் பறிக்க முடியாது, பிடிப்பதற்குக் குழலே இல்லை. மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மூன்றுமே பக்கத்தில் ஒரு மனுசன் நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

விலக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் கரடிக்குப் பயந்து குட்டை மெக்னம் கட்டிக்கொண்டு போவார்கள். ரூகர் கம்பனி அதற்கென்றே 2005இல் இரண்டரை அங்குலக் குழலில் ஒன்றைச் செய்து, 'அலாஸ்கன்' என்றே பெயர் வைத்தது. ஆனால் அதை லேசாக்கவில்லை. ஒரு கிலோவுக்கு மேல் பாரம். பையில் ஒளிக்கிற சாமான் இல்லை அது, நெஞ்சில் வெளியே தெரிய மாட்டுகிறது. கரடிக்கு எதிரில் ஒளிக்கத் தேவையில்லை.

துரைக்கு ஒளிக்கத் தேவை இருந்தது. பசறையில் கரடிக்குப் பயந்து கோட்டுப் பையில் துவக்குப் போட்டுக்கொண்டு பிரட்டுக்களத்துக்குப் போகவில்லை அவர்.

*

கடைசியாகத் தாத்தா சொன்னதுதான் நான் இதை எழுதியதற்கே காரணம். இதை அவர் எங்க அப்பாவுக்குக்கூடச் சொன்னதில்லையாம்.

அது ஒரு சம்பள நாள். ஒபிஸ் வாசலில் வரிசை. துரை மேசையில், பக்கத்தில் பெரிய கிளாக்கர், முன்னால் செக்ரோல். தாத்தாவின் அம்மாவுக்கு அந்த மாசம் மூன்று நாள் அரைப்பேர் போட்டிருந்தார்கள். கொழுந்து நிறை காணாது என்று கணக்கு. நிறை இருந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாத்தாவின் அப்பா வரிசையில் போய் நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அந்த மூணு அரைப்பேர கொஞ்சம் பாக்கணுங்க தொரே" என்றார்.

துரை ஒன்றும் பேசவில்லை. லாச்சியைத் திறந்தார். அதை எடுத்து செக்ரோல் மேலே வைத்தார். நீட்டவில்லை, காட்டவில்லை. பேனா வைக்கிற மாதிரி வைத்தார்.

"அப்பா ஒண்ணும் சொல்லாம சல்லிய எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டாரு. நான் தண்ணி கிளாச வச்சிக்கிட்டு கதவுக்குப் பக்கத்துல நிக்கிறேன். என்னத் தாண்டித்தான் போனாரு. என்னைப் பாக்கல."

தாத்தா கொஞ்சம் நிறுத்தினார்.

"அது பதினஞ்சு அடியில டின்ன அடிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆனா மேசைக்கும் அப்பாவுக்கும் நடுவுல பதினஞ்சு அடி இல்லியே."

நான் ஒரு மாதமாக வாசித்த எல்லாம் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. மேசை அகலத்துக்குப் போதும் என்றால் நீளக் குழல் எதற்கு? அதன் வேலை தூரத்தில் அடிப்பது இல்லை. கோட்டுப் பைக்கும் லாச்சிக்கும் அளவாக இருந்து, தேவையான நேரத்தில் ஒரு புத்தகத்தின் மேல் உட்கார்வது. அந்தத் துவக்கு எங்க ஆட்கள் மேல் ஒரு தடவையும் வெடிக்கவில்லை. மூன்று அரைப்பேரை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை எடுத்ததோ.

எல்லா இடத்திலும் அது பலித்தது என்றும் சொல்ல முடியாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தார். அதே வருஷம் வேலைநிறுத்தம் ஊவாவுக்கும் பரவியது. பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் குழு ஒன்றைத் தெரிவு செய்து, துரையையே அதனோடு பேசி நடக்க வைத்தார்கள். அடக்க வந்த பொலிஸ் குழுவின் ஆயுதத்தைத் தொழிலாளர்கள் பறித்தார்கள் என்று இடதுசாரி வரலாற்றில் பதிவு இருக்கிறது. நம்ம ஊர் பஸ்ஸில் தினமும் போகிறவர்களுக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் தெரியும், இந்தக் கதை தெரியாது. எனக்கும் இந்த ஒரு மாதத்துக்கு முன் தெரியாது. தாத்தாவின் அப்பா தனியாகப் போய் நின்றார். அங்கே சேர்ந்து நின்றார்கள். வித்தியாசம் துவக்கில் இல்லை.

*

அந்தத் துரை அறுபதுகளில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போகும்போது நீளத் துவக்கை யாருக்கோ விற்றாராம். குட்டையை என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, பிறகு கம்பனிகளுக்கு வந்தன. இன்றைக்கு ஒபிஸ் மேசையில் துவக்கு இல்லை, கம்பியூட்டர் இருக்கிறது. அரைப்பேர் இன்னும் இருக்கிறது. கொழுந்து நிறை காணாது என்ற கணக்கும் இருக்கிறது. கேட்கப் போகிறவர்கள் இன்றைக்கும் ஒபிஸ் வாசலில் ஒரு நிமிஷம் தயங்குகிறார்கள். எங்க அம்மா தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். எதற்கு என்று அவருக்கே தெரியாது. எனக்கு இப்போது கொஞ்சம் தெரிகிறது.

லீவு முடிந்து போகிற அன்றைக்குத் தம்பி தாத்தாவிடம் கேட்டான்.

"தாத்தா, அன்னைக்கு லாச்சியில இருந்து நீங்க அத எடுத்து எங்கயாவது வீசியிருக்கலாம்தானே?"

"வீசியிருக்கலாம்" என்றார் தாத்தா. "வேற ஒண்ணு வாங்கியிருப்பான்." பிறகு கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "அப்பா கூட இன்னும் நாலு பேரு போயிருக்கணும்டா. அதுதான்."

தம்பி பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். போனை எடுத்தான், வழக்கம் போல. ஆனால் பஸ் வளைவில் திரும்பும் வரை அதைத் திறக்கவில்லை.